நிமிசத்துக்கு நாப்பத்தேழு

...நாலு சைபரும்மா! ஒண்ணு இல்ல ரெண்டு இல்ல, வரிசையா நாலு. கோயி முட்ட வுட்டாப்புல நோட்டுல போட்டு வெச்சிக்கிறாரு அந்த வாத்தியாரு. எதுக்குன்றியா? எம் பொண்ணுக்குப் படிக்க வரலியாம். தோ, பக்கத்துல குந்திக்கினு கீதே, இதான். மலர்க்கொடி. மூணாங்கிளாசு. பாத்தா சைபரு மாதிரியா கீது? நல்லா பாரும்மா, கண்ணாடி போட்டுக்கினுதான கீற.

நீ எந்தூரு போற? ...செங்கல்பட்டா. சரி சரி. நாங்க காஞ்சிவரம் போயி, அங்கேர்ந்து வேற பஸ்ஸு புடிச்சி கூரம் போவணும். பஸ்ஸு வந்தா கொஞ்சம் சொல்லும்மா, எனக்கு போர்டு படிக்கத் தெரியாது. முன்னல்லாம் இவளே சொல்லிருவா... ப்ச், அத்த வுடு. ஒத்ரமேரூரு பஸ்டாண்டுல பஸ்ஸு எப்ப வரும்னு அந்த பஸ்ஸுக்கே தெரியாது. ஏன் அந்தாண்ட நவுர்ற? வெயிலா? இரு, நானும் நவுந்துக்கறேன்.

போன வருசம் வரைக்கும் எங்கூரு பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரு இருந்தாரு. தங்கமான மனுசன். காலீல வந்து நாற்காலியில குந்துனாருன்னா, மத்தியானம் கோதுமை உப்புமா வேவுற வாசன வந்தாதான் கண்ணத் தொறப்பாரு. யாரு படிச்சா இன்னா, படிக்காட்டி இன்னா, எல்லாருக்கும் பாஸு. ஒரு பேஜாரு கெடையாது. அவரு ரிட்டேரு ஆயிட்டாரா, அந்த எடத்துக்கு இந்த ஏசுதாஸ் வாத்தியாரு வந்தாரு. தின்னவேலியாண்ட ஏதோ ஊராம். அங்கல்லாம் வேல காலி இல்லியா, இங்க வந்து எங்க உயிர வாங்குறாரு.

இன்னா பண்றாரு தெரியுமா? மாசத்துல கடைசி வெள்ளிக்கெளமயானா பரீச்ச. எய்தற பரீச்ச இல்லம்மா, படிக்கிற பரீச்ச. ஒவ்வொரு புள்ளையா கூப்ட்டு முன்னாடி நிக்க வெப்பாரு. புத்தகத்துல ஒரு பக்கத்தத் தொறந்து குடுத்து, கையில வாச்சிய பாத்துக்கினு, ம், படின்னுவாரு. ஒரே நிமிசம். அந்த நிமிசத்துல எத்தினி வார்த்தைய சரியா படிக்குதுன்னு எண்ணி நோட்டுல எய்திக்குவாரு. திக்குனாலும் சரி, தெரியலன்னாலும் சரி, நடுவுல நிறுத்தக் கூடாதாம். போய்க்கினே இருக்கணுமாம். நிறுத்துனா கணக்கு கொறஞ்சிடுமாம். புள்ளைங்களா பஸ்ஸா, விசிலு குடுக்குற வரைக்கும் நிக்காம ஓட்றதுக்கு?

அதோட வுட்டாரா. செவுத்துல பெரிய தாளா ஒட்டி, ஒவ்வொரு புள்ளைக்கும் கலரு பென்சில்ல ஒரு கோடு. போன மாசத்துக்கு இந்த மாசம் கூட படிச்சிருந்தா கோடு மேல ஏறும். கொறஞ்சா கீய எறங்கும். கேட்டா, யாரு மொதலு யாரு ரெண்டாவதுன்றதுக்கு இல்லியாம், அந்தந்தப் புள்ள எவ்ளோ வளருதுன்னு பாக்குறதுக்காம். வளருதான்னு பாக்கணும்னா செவுத்துல நிக்க வெச்சி தலையாண்ட ஒரு கோடு போட்டா ஆச்சி. நீ சிரிக்கிற. எங்கூரு ஆம்பளைங்க இருக்குறானுங்களே, அவனுங்க சிரிக்கல. நாத்து நட்டாச்சா, ஏரித் தண்ணி வந்துச்சான்னு கேக்குறத வுட்டுட்டு, டீக்கடையில குந்திக்கினு, ஒம் புள்ள கோடு எங்க கீது, எம் புள்ள கோடு எங்க கீதுன்னு ஒரே பேச்சு.

மொத மாசமே சண்ட. எதுக்குன்ற? வாயப்பயத்துக்கு. பாடத்துல வருதாம் வாயப்பயம். எங்கூரு புள்ளைங்க வாயப்பயம்னு படிச்சிதுங்க. இவரு தப்புன்னு போட்டுட்டாரு. நாக்க உள்ள மடிச்சி, என்னமோ கொழகொழன்னு ஒண்ணு சொல்லிக் காட்றாரு, அதான் சரியாம். மயன்னா தப்பு, கெயவின்னா தப்பு, வூடுன்னாகூட தப்பு! நா சும்மா இருப்பனா? இடுப்புல கூடையோட நேரா போயிட்டேன். எப்பா, நாங்க அத்த பயம்னு சொல்லித்தாம்பா இத்தினி வருசமா தின்னுக்கினு கீறோம், ஒருத்தருக்கும் தொண்டையில சிக்கலன்னேன். அந்தாளு நோட்டத் தொறந்தாரு. அப்பறம், சரிம்மா, வாய் எப்டி சொல்லுதுன்றது முக்கியம் இல்ல, கண்ணு எழுத்த சரியா பாக்குதான்றதுதான் முக்கியம்னுட்டு, அழிச்சி மாத்திப் போட்டாரு. அதுல ஒரு ஆறு வார்த்த ஏறிச்சி இவளுக்கு. அந்த ஆறும் நா வாங்கிக் குடுத்தது.

ஜூனு மாசம் பதினாலு. ஜூலையில முப்பத்தொண்ணு. ஆவஸ்ட்டுல நாப்பத்தேழு! நிமிசத்துக்கு நாப்பத்தேழு வார்த்த! எனக்குப் படிக்கத் தெரியாதுதான், அதுக்காவ இதுகூடவா மறந்து பூடும்? இவ கோடு கீதே, பச்சக் கோடு, தாளுல தென்ன மரம் மாதிரி நின்னுச்சி. எங்கூட்டாளு, இவுங்கப்பன், அத்தப் பாக்குறதுக்கே ஏரு வுட்ற சேத்துக் காலோட பள்ளிக்கூடம் போயி, கிளாசு பூரா சேறாக்கி, வாத்தியாராண்ட வாங்கிக் கட்டிக்கினு வந்துது.

வாயே ஓயாதும்மா இதுக்கு. தீப்பெட்டிய குடுத்தா தீப்பெட்டியப் படிக்கும். வேர்க்கல்ல மடிச்ச காயிதத்தப் படிக்கும். எரு மூட்டையில எய்திக்கிறதப் படிக்கும். சந்தைக்கு இட்டாந்தா போதும், தையக்கடை போர்டு, சோடாக்கடை போர்டு, எல்லாத்தையும் சத்தமா படிச்சிக்கினே வரும். வாய மூடுடி, மானம் போவுதுன்னுவேன். வாயிதான் அப்டி சொல்லும். உள்ள இன்னா இருந்துதுன்னு எனக்குத்தான் தெரியும். எங்க வம்சத்துலயே எய்த்துக்கூட்டிப் படிச்ச மொத பொம்பள இவதாம்மா.

...தண்ணி குடிக்கிறியாடி? வேணாமா. ஒண்ணும் வேணாம் இவளுக்கு. காலீல நாஷ்டாகூட துண்ணல. துணிப் பையக் கட்டிப் புடிச்சிக்கினு குந்திக்கினு கீறா பாரு, யாரோ புடுங்கினு போவப் போறாப்புல.

அப்பேர்ப்பட்டவளுக்கு செப்டம்பருல சைபரு. அக்டோபரு சைபரு. நவம்பரு சைபரு. டிசம்பருல சரி, பாவம்னு ஒரு பத்தாவது போடுவாருன்னு பாத்தா, அதுவும் சைபரு. பச்சக் கோடு மடார்னு வுய்ந்து, அடியிலயே தவக்கள செத்தாப்புல படுத்துக்கினு கீது. அந்தக் கோட்ட எங்கூட்டாளு பாத்துச்சி. ஊரே பாத்துச்சி. ஒரு நா ராவுல சோறு துண்ணும்போது சொல்லிச்சி... படிப்புதான் சைபரு ஆயிடுச்சே, கூரத்துல பவளத்துக்கு கொயந்த பொறந்து ஒண்டியா கஷ்டப்படுது, பொங்கல் கயிச்சி இவள அங்க அனுப்பிடு, தொட்டிலாவது ஆட்டட்டும்னுச்சி. பவளம் யாரா? அதும் தங்கச்சி. எனுக்கு நாத்தனாரு.

அதான் இன்னிக்கி இட்டுக்கினு போறேன். வுட்டுட்டு வரணும். எத்தினி நாளைக்கான்னு கேக்குறியா? பொம்பளப் புள்ளைய அப்டி ஒரு வாட்டி பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்தினா, அப்பறம் யாரும்மா திரும்ப சேத்து வுட்றாங்க? நீயே சொல்லு. இன்னிக்கி தொட்டிலு, நாளைக்கி சாணி, அப்பறம் நடவு. என்னியும் அப்டித்தான் இஸ்தாந்தாங்க. ரெண்டாங்கிளாசு பாதியில. அ, ஆ, இ, ஈ, அதுக்கு மேல எனக்கு இல்ல.

எல்லாம் அந்தாளு போட்ட சைபரால. வயிறு எரியுதும்மா. நேத்து போயி நாலு வார்த்த கேட்டுட்டுதான் வந்தேன். யோவ், அத்தினி புள்ளைக்கு போட்ற மார்க்குல ஒண்ணு ரெண்டு இதுக்குப் போட்டா ஒன் சொத்தா அயிஞ்சிடும்னு கேட்டேன். கோவமே வர்ல அந்தாளுக்கு. அதான் எனக்கு இன்னும் கோவம். நோட்ட எடுத்துக் காட்றாரு, எனக்கு என்னமோ தெரியிறாப்புல. அம்மா, படிக்கத் தெரியாத புள்ளையோட கோடு இப்டி ஏறாது, ஏறுன கோடு ஒரே மாசத்துல இப்டி வுயாதுன்றாரு. பேசுறா, வெளையாட்றா, கணக்கு போட்றா, எய்த்த மட்டும் முன்னாடி வெச்சா வாய இறுக்கி மூடிக்கிறான்றாரு. சரி வாயாலதான் வேணாம், கதையப் படிச்சிட்டு நரி எங்க போச்சின்னு பலகையில எய்துன்னா, டாண்ணு எய்திக் காட்றாளாம். அப்ப படிக்கத் தெரியுது இல்ல? அப்பறம் இன்னாத்துக்குய்யா சைபருன்னேன். அதுக்கு சொல்றாரு, நோட்டுல பொய் எய்தினா இவளுக்கு இன்னா ஆச்சின்னே யாருக்கும் தெரியாமப் பூடும்மா, இந்த சைபருதான் ஏதோ ஆயிருக்குன்னு கத்திக் கத்தி சொல்லுதுன்றாரு. சைபரு கத்துதாம்! கேட்டுக்கினியா?

அப்பறம் பாரு, கடசியில ஒரு கேள்வி கேட்டாரு. ஆவஸ்ட்டு கடசிக்கும் செப்டம்பரு கடசிக்கும் நடுவுல வூட்ல இன்னாம்மா நடந்துச்சின்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சி. எங்கூட்ல இன்னாய்யா நடக்கும்? புள்ளையாரு சதுர்த்தி நடந்துச்சி, கொய்க்கட்ட சுட்டோம், துன்னோம், ஒனுக்கும் ரெண்டு குடுத்தனுப்பலயான்னு கேட்டுட்டு வந்துட்டேன். வாத்தியாருக்கு வூட்டு சமாச்சாரம் எதுக்கு? எங்கூட்ல நடந்தது எங்கூட்டோட.

நடந்துச்சி... நடக்காம இல்ல. ஒனக்கு சொன்னா இன்னா, நீ செங்கல்பட்டு போறவ. இந்தப் பவளம் ஆடிக்கு வந்தா. புள்ளத்தாச்சியா வந்தா. சரி, அண்ணன் வூடு, ஒரு வாரம் பத்து நாளு இருப்பான்னு பாத்தா, ஆடி போயி ஆவணியும் வந்துருச்சி, அம்மணி நவுர்ல. தின்ன தட்டகூட எடுத்துக் கெணத்தாண்ட வெக்க மாட்டா. கொயம்புல உப்பு கம்மி, தோசையில ஓட்ட கம்மி. நா யாராண்ட சொல்லி அய்வேன்? கடத்தெருவுல ஹபீபுல்லா பாய் மளிகக்கடையில, படிக்காத பொம்பளைங்களுக்கெல்லாம் அவருதான் லெட்டரு எய்திக் குடுப்பாரு. தென்னேரியில எந்தங்கச்சி சொக்கம்மா கீறா. அவளுக்கு ஒரு லெட்டரு போட்டேன். பாய் ரொம்ப நல்ல மனுசன். நாம சொன்னதுல ஒண்ணு கூட்டவும் மாட்டாரு, ஒண்ணு கொறைக்கவும் மாட்டாரு. அதான் வெனையே. நா கோவத்துல சொன்னது பூராத்தையும் அப்டியே எய்திட்டாரு.

சதுர்த்திக்கு மறுநா. வூட்ல எல்லாரும் கீறோம். பவளம் கீறா, எங்கூட்டாளு கீறாரு, பக்கத்தூட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரு கொய்க்கட்ட துன்னுக்கினு கீறாங்க. போஸ்ட்மேனு வந்து லெட்டரு குடுத்தாரு. எப்பவும் அவருதான் படிச்சி சொல்லுவாரு, பாதிய முய்ங்கிட்டு நாசூக்கா சொல்லுவாரு. அன்னிக்கி எனக்கு ஏதோ கிறுக்கு. இந்தப் பவளம் ரெண்டு நாளா, பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அண்ணி படிப்பு, பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அண்ணி படிப்புன்னு நொய்நொய்னு சொல்லிக்கினே இருந்தாளா... போஸ்ட்மேன, நீ போய்யான்னுட்டேன். மலரு, வாடி இங்க, ஒங்கத்தைக்கு காட்டுடி, எம் பொண்ணு நிமிசத்துக்கு நாப்பத்தேழு வார்த்த படிப்பா தெரியுமான்னு பெருமையா நடு வூட்டுல நிக்க வெச்சி, சத்தமா படிடி, எல்லாருக்கும் கேக்கட்டும்னேன்.

படிச்சாம்மா. எல்லாருக்கும் கேட்டுச்சி.

‘அன்புள்ள அக்கா செல்லம்மாளுக்கு, நலம், நலமறிய ஆவல். உன் நாத்தனார் பவளம் ஒரு சோற்று மூட்டை என்று நீ எழுதியிருந்ததைப் படித்து வீடே குலுங்கச் சிரித்தோம்.’

நா கண்ணக் காட்றேன். பாக்க மாட்டேன்றா. கிள்றேன். நெளிஞ்சிக்கினே படிக்கிறா. நிறுத்துடின்னு பல்லக் கடிச்சிக்கினு சொல்றேன். நிறுத்தல! நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு அந்த வாத்தியாரு சொல்லி வெச்சிக்கிறாரே! ‘அந்த மகாராணி இன்னும் மூட்டை கட்டவில்லையா? மாமா ஒரு வாயில்லாப் பூச்சி, தங்கச்சி ஊதினால் ஆடுவார் என்று எழுதினாயே, அது உண்மைதான்.’ ஒரு எய்த்து வுடாம, திக்காம, வாயப்பயத்துக்குக்கூட அன்னிக்கி அந்தக் கொழகொழவ சரியா சொல்றா! ‘வாழைப்பழத் தார் கொடுத்து அனுப்புகிறேன், அவள் கண்ணில் படாமல் வைத்துக் கொள்.’ இதான் கடசி வரி. படிச்சிட்டு என்னிய நிமுந்து பாத்து சிரிக்கிறா. எத்தினி வார்த்தம்மான்னு கேக்குறா.

அப்பறம் இன்னா. பவளம் அன்னிக்கே பையத் தூக்கிக்கினு அய்துக்கினே பஸ்ஸேறிட்டா. வாயில்லாப் பூச்சிக்கு அன்னிக்கித்தான் வாயும் வந்துச்சி, கையும் வந்துச்சி. பத்து நாளு எங்கையால சோறு வாங்கித் துண்ணல. பக்கத்தூட்டுக்காரிங்க ஊரு பூரா ஓசியில பேப்பரு போட்டாங்க. எனக்கு எப்டி இருந்திருக்கும்? எல்லாக் கோவமும் இவ மேல போச்சி. அடுப்பாண்ட இஸ்துக்கினு போனேன். இனிமே எய்த்தப் பாத்து வாயத் தொறப்பியா, தொறப்பியான்னு ரெண்டு வெச்சேன். இவ கைய எடுத்து எந்தல மேல வெச்சிக்கினு, சத்தியம் பண்ணுடி, எங்கம்மா மேல சத்தியமா எய்த்தப் பாத்து வாயே தொறக்க மாட்டேன்னு சொல்லு, மீறுன, உங்கம்மா செத்துப் பூடுவான்னு...

அது சும்மா, கோவத்துல சொல்றதுதாம்மா. எல்லாரும் சொல்றதுதான். அன்னிக்கி சாயந்தரமே எனக்கு மறந்து பூடுச்சி. அதுக்கும் இதுக்கும் இன்னா...

...

இன்னா தேதிம்மா சதுர்த்தி? செப்டம்பருதான? செப்டம்பரு மொத சைபரு.

இரு. இரும்மா, கொஞ்சம் பேசாத இரு. நீ எங்க பேசுன, நாந்தான் பேசுறேன்.

ஏ மலரு. இந்தாண்ட திரும்பு. என்னியப் பாரு. நீ பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்காதது... அந்த சத்தியத்துக்காவயா? நீ படிச்சிட்டா, நா செத்துப் பூடுவேன்னா? ...தலைய ஆட்டாத, சொல்லு. ...நாலு மாசமாவா? தீப்பெட்டிகூடவா படிக்கல? தொட்டிலு ஆட்ட கூரம் போடின்னதுக்கும் வாயத் தொறக்காம பையத் தூக்கிக்கினு வந்தியே, அதுவும் நா சாவக் கூடாதுன்னா?

அய்யோ எங்கண்ணு. அய்யோ, நா ஒரு முண்டம்.

எம்மா, பாத்தியா, அந்த வாத்தியார கரிச்சிக் கொட்டிக்கினு கெடந்தேனே காலீலேர்ந்து. அந்த நாலு சைபரும் நா போட்டதும்மா. நாந்தான்! எய்த்தே தெரியாத நா, நாலு எய்தி வெச்சிக்கிறேன்! அந்த மனுசன் நோட்டப் பாத்தே எந்த மாசம்னு சரியா கேட்டாரு. வூட்டுக்குள்ள கீற எனக்கு தெரியல. அவரப் போயி நா கொய்க்கட்ட வேணுமான்னு...

தோ, ஏதோ பஸ்ஸு வருது. எம்மா, எந்த பஸ்ஸும்மா அது? எம்மா... எம்மோவ்! அய்ய, இன்னா ஓட்டம் ஓடுது இந்தம்மா, பேசிக்கினு இருக்கும்போதே! குடையக்கூட மடிக்கல!

மலரு, அது எந்த பஸ்ஸுடி? என்னியப் பாக்காத, போர்டப் பாரு. ...தே, பயப்புடாத. கையக் குடு. வெய்யி எந்தல மேல. நல்லா அய்த்தி வெய்யி. சத்தியத்த வாபஸ் வாங்கிட்டேன், போதுமா? நா சாவ மாட்டேன்டி. ஒனக்கு கண்ணாலம் ஆயி, ஒன் நாத்தனாரப் பத்தி நீ எய்தற லெட்டரெல்லாம் கேட்டுட்டுதான் சாவேன். படி. ...கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா...

காஞ்சிபுரமா. அப்ப நம்ம பஸ்ஸுதான். ...தே, அந்தம்மா செங்கல்பட்டுன்னுதான சொல்லிச்சி? எம்மோவ்! அது காஞ்சிவரம் பஸ்ஸும்மா! எம் பொண்ணு படிச்சி சொல்றா! ...ஜன்னலு கண்ணாடிய மூடிக்கிச்சி பாரு. போவட்டும்.

நீ எதுக்கு எயிந்திருக்குற? குந்து. பையக் கீய வெய்யி. பஸ்ஸு போனா போவட்டும். நாளைக்கு மாசக் கடசி வெள்ளிக்கெளம இல்ல? ஒனுக்கு பரீச்ச கீது. ஒங்கப்பன நா பாத்துக்கறேன். ஒங்கத்த வூட்டுக்கு நானே போயி, காலுல வியுந்து, நாலு நாளு தொட்டிலு ஆட்டிட்டு வரேன். நாந்தான சொன்னேன் சோத்து மூட்டன்னு, நாந்தான் ஆட்டணும்.

இன்னாடி அங்கியே பாத்துக்கினு கீற? அந்த செவுத்துலயா? இன்னா எய்திக்கீது? ...‘இங்கே... சிறுநீர்...’ அடிப் பாவி! நாலு மாசம் கயிச்சி வாயத் தொறந்தவளுக்கு படிக்க இதான் கெடச்சிதா! எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க... பாத்தா பாக்கட்டும். நீ ஏன் வாய மூட்ற? நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு வாத்தியாரு சொல்லிக்கிறாரு இல்ல? மீதியையும் படி.